சென்னையின் மரபுக் கட்டடங்களும் குறைந்த கார்பன் குளிர்ச்சியும்: தளம், ஓதம், இயந்திரம்

1. ஆய்வின் எல்லை

பழைய கட்டடங்களைக் கரியமில வாயுவை அதிகம் கக்காமல் எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பது இங்கிலாந்தில் இன்று பெரிய விவாதம். பாத் நகரத்தின் அபே தேவாலயம் அந்த ஊர் வெந்நீர் ஊற்றின் வெப்பத்தை எடுத்துத் தன் கல்தரைக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் கூரையில் 2023இல் சூரியத் தகடுகள் ஏறின. எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைப்பதைப் பற்றி அங்கே கையேடுகள் குவிந்து கிடக்கின்றன.

மயிலாப்பூரில் இதே கேள்வி தலைகீழாக எழுகிறது. சென்னையில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே 21 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இங்கே கட்டடத்துக்குள் வெப்பத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை, வெளியே அனுப்ப வேண்டும். வெப்பப் பம்பும் ஏசியும் அடிப்படையில் ஒரே இயந்திரம். வெப்பத்தைத் தள்ளும் திசைதான் வேறு. ஆகவே அங்கே எழுதிய வழிமுறைகளைத் திருப்பிப் போட்டால் இங்கே பொருந்திவிடும் என்று பொறியாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். காரணம் வெப்பம் அல்ல, ஈரம்.

மூன்று வகைக் கட்டடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் எஞ்சியிருக்கும் திண்ணை, முற்றம் உள்ள வீடுகள் முதல் வகை. லஸ் முதல் அடையாறு வரையிலான தோட்ட பங்களாக்களும், 1920களில் தி. நகர் உருவானபோது எழுந்த வீடுகளும் இரண்டாவது. மெரினாக் கரையோரமுள்ள பொதுக் கட்டடங்கள் மூன்றாவது: 1768இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்த செனட் இல்லம் போன்றவை. அளவிலும் அழகிலும் இவை வெகுவாக வேறுபட்டாலும் செங்கல், சுண்ணாம்பு, மரம் என்ற மூன்று பொருள்களே பெரும்பாலும் இவற்றைத் தாங்கி நிற்கின்றன.

2. வெப்பம் நுழையும் வழி

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது அதைத்தான். கத்திரி வெயில் இந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் வருகிறது. எனவே கோடையில் சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. மாட வீதி வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்பதால் அவற்றின் பக்கச் சுவர்களில் வெயிலே படுவதில்லை. அவற்றுக்குக் கூரைதான் எல்லாம்.

தடித்த சுவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை. ஒன்றரை அடிச் செங்கல் சுவர் பகல் வெப்பத்தைப் பல மணிநேரம் தாமதப்படுத்தும், ஆனால் அழித்துவிடாது. பகலில் வாங்கியதை இரவில் உள்ளே விடும். ராஜஸ்தானில் இரவு நன்றாகக் குளிர்வதால் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. சென்னையில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு கோடையில் பத்து டிகிரிக்குள் அடங்கிவிடும். இரவில் காற்று ஓடாவிட்டால் சுவர் தன் சுமையை இறக்கவே முடியாது. பழைய வீடுகளில் வாசற்கதவு, ரேழி, முற்றம், கூடம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்ததன் பயன் இதுதான். நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று அந்த நேர்கோட்டில் புகுந்து, முற்றத்தின் வழியாக மேலேறிப் போகும். காற்று வருவதற்கு வழியும் வெளியேறுவதற்கு வழியும் இருந்தால்தான் தடித்த சுவரால் பயன்.

நகரமும் இந்தக் கணக்கில் சேரும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டிருந்த பெரிய ஏரியை வடித்துத்தான் தி. நகரின் பெரும்பகுதி உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். நீர்ப்பரப்பு போனது, வீட்டுத் தோட்டங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்தபின் நடுவில் தப்பி நிற்கும் பங்களாவுக்குக் கடற்காற்று முன்போல வந்து சேர்வதில்லை; வருவது பக்கத்துக் கட்டடங்களின் கம்ப்ரசர் கக்கும் வெங்காற்று. பழங்கட்டடம் தானே குளிர்ந்துவிடும் என்று கைகட்டி இருப்பதும் இனிச் சரிவராது.

3. மெட்ராஸ் டெரஸ்

இந்நகரத்தின் பெயரையே தாங்கிய கூரை இது. தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரக்கட்டைகளை வரிசையாகச் சுவரில் ஏற்றி, அவற்றின் மேல் ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் இந்தக் கலவையில் சேர்வதுண்டு. அதற்கு மேல் தட்டோடு இரண்டு மூன்று வரிசை, கடைசியில் பூச்சு. எங்கும் சிமென்ட் இல்லை, இரும்புக் கம்பியும் இல்லை.

இந்தக் கூரையின் பெரிய குணம், நனைந்தால் காய்ந்துவிடும் என்பது. சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் நுண்துளைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சம் ஈரம் இறங்கினாலும் தை, மாசி வெயிலில் அது மேல்புறமும் கீழ்ப்புறமும் ஆவியாகிப் போகும். மரக்கட்டை நூறாண்டு தாண்டி நிற்பது இந்தக் காய்தலால்தான். கட்டையின் நடுப்பகுதி எப்போதும் காற்றில் இருக்கிறது. சுவருக்குள் புதைந்த இரு முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும் இடங்கள்.

இன்று இந்தக் கூரைக்கு நடப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஒழுகினால் பழைய அடுக்கை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக ஒரு அடுக்கு போட்டுவிடுகிறார்கள். மூன்று அங்குலக் கலவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இரண்டு மூன்று தலைமுறை இப்படியே மேலே மேலே போட்டால் கட்டை வளையாமல் என்ன செய்யும்? அடுத்தது சிமென்ட் பூச்சு, தார் விரிப்பு, ரப்பர் போன்ற நீர்த்தடுப்புப் பூச்சு. இவை மேலிருந்து வரும் நீரைச் சில ஆண்டுகள் தடுக்கும். உள்ளே மாட்டிய ஈரம் மேலேறிப் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிடும். கீழே மரம் மெல்ல அழுகும். பிறகு ஒருநாள் 'பழசு, தாங்காது' என்று சொல்லி இடித்துவிடுவார்கள்.

ஆகவே ஒரு மரபுக் கட்டடத்தில் கார்பனைக் குறைக்கும் முதல் வேலை ஏசியை மாற்றுவது அல்ல. கூரையின் பிற்கால அடுக்குகளைக் கவனமாக எடுத்து எடையைக் குறைக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயைச் சரிசெய்து, தளத்தின் வாட்டத்தைச் சீராக்கிச் சுண்ணாம்பால் பழுதுபார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கோடை முற்றுவதற்குள், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை, இதற்கு உகந்த காலம். சுண்ணாம்பு மெதுவாக இறுக வேண்டும். மே மாத வெயிலில் போட்டால் வெடித்துவிடும். முடிந்ததும் மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும். புதுச் சுண்ணாம்பு வெள்ளை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசும் பாசியும் படிந்து ஓராண்டில் அந்தத் திறன் நன்றாகக் குறையும், எனவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டிய வேலை இது. செலவு மிகக் குறைவு, எடை கிடையாது, கூரையின் சுவாசத்தையும் கெடுக்காது. இந்த மூன்றும் சேர்ந்து பொருந்தும் வேறொரு பூச்சை நான் அறியேன்.

கார்பன் கணக்கிலும் இதற்கு இடம் உண்டு. ஒரு டன் சிமென்ட் தயாராவதற்குள் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பைச் சுடும்போதும் வாயு வெளியேறும், ஆனால் காரை இறுகும்போது அதில் ஒரு பங்கைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிற்கிற கட்டடத்துக்கான செங்கல் ஏற்கெனவே சுட்டாகிவிட்டது. இடித்துக் கட்டும் புதிய 'பசுமை' அடுக்குமாடியின் கணக்கில் இந்த இழப்பை யாரும் எழுதுவதில்லை.

4. ஈரம் செல்லும் திசை

இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும். நீராவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் அங்கே சுவரின் உட்பக்கத்தில் வெப்பத் தடுப்பு வைக்கும்போது நீராவி சுவருக்குள் புகாதபடி அறையின் பக்கம் ஒரு தடுப்புத் தாளையும் வைப்பது பல காலம் வழக்கமாக இருந்தது.

சென்னையில் ஏசி போட்ட அறைக்கு நேர் எதிர்நிலை. கடற்காற்று வீசும் பிற்பகலில் வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 27 டிகிரி. அதாவது 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் நீர் பூக்கும். ஏசி பேருந்தின் கண்ணாடி வெளிப்புறத்தில் பனிப்பதைப் பார்த்திருப்போம், அதே செயல்தான். அறையை 22 டிகிரிக்கு வைத்தால் சுவரின் உட்பக்க அடுக்குகள் பனிநிலைக்கும் கீழே போகின்றன. நுண்துளை உள்ள சுண்ணாம்புச் சுவரில் வெளியிலிருந்து நீராவி உள்நோக்கி நகர்ந்து, குளிர்ந்த அடுக்கில் நீராகிவிடுகிறது. உட்பக்கம் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் அந்த நீர் அறைக்குள் வந்து காயவும் வழியில்லை. பெயின்ட் கொப்பளிக்கும்; பின்னால் காரை மாவாகும்.

கடற்கரை ஊரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சாந்தோம், சேப்பாக்கம் பக்கத்துச் சுவர்களில் கடற்காற்று கொண்டுவந்த உப்பும், நிலத்தடியிலிருந்து ஓதத்தோடு ஏறிய உப்பும் உண்டு. உப்பு நீரில் கரைந்து, காயும்போது மீண்டும் படிகமாகும். படிகம் வளரும்போது துளையின் சுவரைத் தள்ளி உடைக்கும். அலுவலகத்தில் காலை ஒன்பதுக்கு ஏசியைப் போட்டு மாலை ஆறுக்கு அணைத்தால், சுவர் நாள்தோறும் ஒருமுறை நனைந்து ஒருமுறை காய்கிறது. ஓராண்டில் எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்தால் போதும். உப்புப் பூத்த சுவருக்கு மேல் சிமென்ட் பூசுவது அந்த அழிவை இன்னும் மேலே, இன்னும் உள்ளே தள்ளுகிறது.

பொய்க்கூரையைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். பதினைந்தடி உயரக் கூரையைக் குளிர்விப்பது வீண் என்று பத்தடியில் ஜிப்சம் பலகை அடிக்கிறார்கள். மின்சாரம் குறையும் என்பது உண்மை. ஆனால் மேலே மரக்கட்டைகள் இருட்டில், காற்றில்லாமல், குளிர்ந்த பலகைக்கும் சூடான தளத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றன. ஒழுகல் தெரியாது, கறையான் தெரியாது, வளைவும் தெரியாது. மெட்ராஸ் டெரஸுக்குக் கீழே பொய்க்கூரை அடிப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மரபுக் கட்டடத்தில் இயந்திரக் குளிர்ச்சியின் எல்லையை வெளிக்காற்றின் பனிநிலை தீர்மானிக்க வேண்டும். 26, 27 டிகிரியில் அறையை வைத்து மின்விசிறியை ஓடவிட்டால் சுவர் பெரும்பாலும் பனிநிலையை ஒட்டியே நிற்கும். 20 டிகிரிக்கு இறக்கினால் கட்டடத்தின் ஆயுளைச் செலவழிக்கிறோம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்வதன்படி ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம். சுவருக்கு நல்லதும் வளிமண்டலத்துக்கு நல்லதும் இந்த இடத்தில் ஒன்றாகவே அமைகின்றன.

5. ஐஸ் ஹவுஸ்: ஒரு வரலாற்றுச் சான்று

குளிர்ச்சிக்காகவே கட்டி, பிறகு மனிதர் குடியேறிய கட்டடம் ஒன்று மெரினாவில் இருக்கிறது. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் 1842இல் திருவல்லிக்கேணிக் கடலோரத்தில் பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டினார். மாசாசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் அழிந்தது.

பின்னர் அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் செய்த மாற்றமே நமக்குப் பாடம். குளிரைக் காக்க மூடிவைத்த கிடங்கில் மனிதர் வாழ முடியாது. அவர் வட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்தார், ஏராளமான சன்னல்களைத் திறந்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அந்தத் திறந்த வீட்டில். 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறினாலும் பேருந்து நிறுத்தத்தில் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். குளிரைப் பூட்டிவைக்கும் கட்டடம் வேறு, காற்றோட்டத்தால் வாழத் தகுந்த கட்டடம் வேறு. இரண்டாம் வகையில் பிறந்த கட்டடத்தை முதல் வகையாக மாற்றுவதுதான் இன்று மயிலாப்பூர் வீடுகளில் நடக்கிறது. சன்னல் அடைபடுகிறது, வென்டிலேட்டர் செங்கல்லால் மூடப்படுகிறது, முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு ஏறுகிறது. முற்றத்தை மூடியதும் சூடான காற்றுக்கு வெளியேறும் வழி போய்விடுகிறது. வீடு வேகிறது, ஏசி வருகிறது.

6. மனிதரைக் குளிர்வித்தல்

கட்டடத்தின் மொத்தக் காற்றையும் குளிர்விப்பதைவிட அதில் இருப்பவரைக் குளிர்விப்பது மலிவு. இந்தியர்களை வைத்து உருவாக்கிய வெப்ப இசைவு அளவுகோல் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. அதன் கணக்குப்படி, சன்னல் திறந்த கட்டடத்தில் வெளிச் சராசரி 32 டிகிரியாக இருக்கும் நாள்களில் 30 டிகிரியை ஒட்டிய உள்வெப்பத்தை மக்கள் இயல்பாக ஏற்கிறார்கள். 32 வரைகூடப் பெரும்பாலோருக்கு இடைஞ்சல் இல்லை. நியூயார்க் அலுவலகத்தின் 22 டிகிரியை மாட வீதிக் கூடத்தின் மேல் சுமத்த வேண்டியதில்லை.

மின்விசிறியின் காற்று மேலும் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோன்ற உணர்வைத் தருகிறது. பழைய சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும். இன்றைய பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள் அதே வேலையைச் செய்கிறது. உயரக் கூரையுள்ள வீட்டில் நீண்ட தண்டில் தொங்கவிட்டு, தரையிலிருந்து எட்டு ஒன்பதடியில் சுழலவிட வேண்டும். சூடான காற்று அதற்கு மேலே தங்கிவிடும், கீழே இருப்பவருக்குக் காற்று கிடைக்கும். உயரக் கூரையின் பயனை உணராமல் அதை ஒரு குறையாகப் பார்ப்பது தவறு.

வெட்டிவேர்த் தட்டி பற்றி ஒரு சொல். அதை மீட்டெடுக்க வேண்டும் என்று ஆசைப்படுவோர் பலர். வறண்ட மேல்காற்று அடிக்கும் மே, ஜூன் முற்பகல்களில் நனைந்த தட்டி நன்றாகவே வேலை செய்யும். பழைய மெட்ராஸில் அதைக் கட்டியதும் அந்தக் காற்றுக்காகத்தான். கடற்காற்று திரும்பியதும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தட்டியால் பயன் இல்லை, வீட்டின் ஓதத்தைத்தான் கூட்டும். நேரம் பார்த்து இறக்கவும் ஏற்றவும் முடிகிறவர்களுக்கே அது உதவும்.

7. இயந்திரம்: எங்கே, எவ்வளவு

ஏசியே கூடாது என்பது என் நிலை அல்ல. முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் கத்திரி நாள்களில் ஓர் அறையாவது குளிர்ந்திருக்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது. கேள்வி எத்தனை அறை, எத்தனை மணிநேரம் என்பதுதான்.

ஒன்றரை டன் ஏசி ஒன்று நாளுக்கு 10 யூனிட், ஆண்டில் 240 நாள் என்று வைத்தால் 2,400 யூனிட். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. எனவே ஆண்டுக்கு ஏறக்குறைய 1.7 டன். 30 வாட் விசிறி நாளுக்கு 16 மணிநேரம், 300 நாள் ஓடினாலும் 144 யூனிட், அதாவது 0.1 டன்தான். இதோடு குளிரூட்டி வாயுவின் கசிவையும் சேர்க்க வேண்டும். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்கு நிகர். ஆர்-32 என்றால் 675 கிலோ. புரொப்பேன் என்ற ஆர்-290இன் பாதிப்பு மிகச் சொற்பம், ஆனால் தீப்பற்றும் வாயு. மரக்கூரை வீட்டில் அளவு விதிகளை மீறாமல், பயிற்சி பெற்றவரை வைத்தே பொருத்த வேண்டும். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் எரிந்ததை மறந்துவிடக் கூடாது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் காரையால் மீட்டெடுத்து, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது.

சுவடி வைத்திருக்கும் இடங்களில் முறையே வேறு. 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகமும், 1943இல் ருக்மிணி தேவி தொடங்கிய உ.வே.சா. நூலகமும் பனையோலைச் சுவடிகளுக்குப் பேர்பெற்றவை. ஓலைக்கு வெப்பத்தைவிட ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கமே பெரிய எதிரி. பகலில் ஏசி, இரவில் அணைப்பு என்ற முறை ஓலையை நாள்தோறும் சுருக்கி விரிக்கும். இத்தகைய இடத்தில் முழுக் கட்டடத்தையும் குளிர்விக்காமல், நடுவில் ஒரு சிறு அறையைத் தேர்ந்து, அதன் ஈரப்பதத்தை இரவும் பகலும் ஒரே அளவில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் கருவியைப் பொருத்துவது மின்சாரத்துக்கும் சுவருக்கும் ஓலைக்கும் நல்லது.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். குழாய்க்கான துளையைச் சுவரின் நடுவில் போடாமல் வென்டிலேட்டர் வழியாக எடுக்கலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சுவரோரம் விடவே கூடாது; அந்த ஒரு குழாயால் மட்டும் அடிச்சுவர் கரைந்த கட்டடங்கள் இந்நகரில் ஏராளம்.

8. சூரியத் தகடு

மெட்ராஸ் டெரஸில் துளையிட்டுத் தகடு பொருத்துவது ஆபத்து. ஆனால் தகட்டின் எடை, தாங்கியைச் சேர்க்காமல், சதுர மீட்டருக்கு 15 கிலோவுக்குள்தான். புதிதாகப் போடும் தள அடுக்கின் பத்தில் ஒரு பங்கு. தாங்கிக் கால்களைக் கட்டைகளின் மேல் அல்லாமல் சுவரின் நேர்மேலே நிறுத்தி, ஆளுயரத்துக்கு எழுப்பினால் தகடே பந்தலாகிவிடும். கீழே காற்றும் ஓடும், தளமும் காயும். 2016 டிசம்பரின் வர்தா புயலை நினைத்துக்கொண்டு சுவரோடு பிணைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து உள்தள்ளி வைத்தால் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. சென்னையில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 2024இல் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் ரூ. 78,000 மானியம் உண்டு. ஓர் அறை ஏசிக்கும் வீட்டு விசிறிகளுக்கும் இது போதும்.

9. பட்டியலும் சட்டமும்

அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897இல் எழுந்தது. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 மரபுக் கட்டடங்களின் பட்டியல் அந்தத் தீர்ப்பால் வலுப்பெற்றது. 2012இல் மாநில மரபு ஆணையச் சட்டமும் வந்தது. 2023இல் மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்கை வைத்தது.

மரபுப் பட்டியல் முகப்பைப் பார்க்கிறது, காலநிலைத் திட்டம் மின்சாரத்தைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் கூரையும் ஓதமும் விடுபட்டுப் போகின்றன. புதிய வீடுகளுக்கென எழுதிய எரிசக்தி விதிகளைப் பழைய தளத்தின் மேல் அப்படியே திணித்தால் வெப்பத் தடுப்பு என்ற பெயரில் அதை மூச்சுமுட்டச் செய்துவிடுவோம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று தகவல்களைச் சேர்க்க வேண்டும்: தளத்தின் மேல் எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது, கட்டை முனைகளின் நிலை என்ன, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. இந்த மூன்றையும் பதிவு செய்த பிறகே ஏசிக்கோ வெப்பத் தடுப்புக்கோ அனுமதி தர வேண்டும்.

பட்டியலில் இடம்பெறாத மாட வீதி வீடுகளின் உரிமையாளர்களுக்குத் தடை விதிப்பதால் மட்டும் பயன் இருக்காது. சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். கிடைப்பவரின் கூலியைத் தனி வீட்டுக்காரரால் தாங்க முடிவதில்லை. சூரியத் தகட்டுக்கு மானியம் கொடுக்கும் அரசு, மெட்ராஸ் டெரஸ் ஒன்றைச் சுண்ணாம்பால் பழுதுபார்ப்பதற்கும் அதே கணக்கில் மானியம் கொடுக்க நியாயம் இருக்கிறது. பொதுப்பணித் துறையின் மரபுப் பிரிவு அரசுக் கட்டடங்களில் பெற்ற அனுபவத்தை வைத்து, பாலிடெக்னிக் மாணவர்களையும் இளம் கொத்தனார்களையும் ஜனவரி தொடங்கி மார்ச் வரை இந்த வீடுகளின் தளங்களிலேயே பயிற்றுவிக்கலாம். கட்டைகளின் முனை இன்னும் உறுதியாக இருக்கும் வீடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவற்றில் செலவு குறைவு, வெள்ளையடித்த அந்தக் கோடையிலேயே கூடத்தில் உட்கார்ந்து பலனைப் பார்த்துவிடலாம்.